கடைசிக் குடத்துக்கான காவல்: உலோக ஆக்சைடு நானோ துகள்கள்

துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்த தண்ணீரில் ஈ.கோலை பாக்டீரியா செத்துவிட்டது என்ற ஆய்வுச் செய்தி வரும்போதெல்லாம், இனி குளோரின் எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. துகள்கள் பாக்டீரியாவைக் கொல்வது உண்மைதான். ஆனால் அவை கொல்லும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால், ஊருக்கே தண்ணீர் அனுப்பும் நிலையத்தைவிட, வீட்டிலுள்ள வடிகட்டியில்தான் அவற்றுக்கு உரிய வேலை இருக்கிறது என்று புரியும்.

அதிகம் ஆராயப்பட்ட டைட்டானியம் டை ஆக்சைடையே எடுத்துக்கொள்வோம். அதன் மீது ஒளி பட்டால் தண்ணீர் பிளவுபடுகிறது என்பதை அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டார்கள். அதே பொருளில் பிளாட்டினம் சேர்த்து நுண்ணுயிர்களைக் கொல்லலாம் என்று தடாஷி மட்சுனாகாவின் குழு 1985இல் காட்டியது. புற ஊதாக் கதிர் துகளிலுள்ள எலக்ட்ரானை இடம்பெயர்க்க, தண்ணீரும் அதில் கரைந்த ஆக்சிஜனும் சேர்ந்து ஹைட்ராக்சில் போன்ற ஆவேசமான வேதிப்பொருள்களாக மாறுகின்றன. அவை பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்பை அரிக்க, உள்ளிருப்பது வெளியே கசிந்துவிடுகிறது. எல்லாமே துகளின் மேற்பரப்பில் நடப்பதால்தான் நானோ அளவுக்கு இவ்வளவு மதிப்பு. பி25 என்ற வணிகப் பொடியில் ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 50 சதுர மீட்டர், ஏறத்தாழ 540 சதுர அடி. துத்தநாக ஆக்சைடும் தாமிர ஆக்சைடும் அயனிகளையும் கசியவிடுவதால் இருட்டிலும் ஓரளவு வேலை செய்யும்.

இந்த பலத்திலேயே பலவீனமும் இருக்கிறது. ஹைட்ராக்சிலின் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. துகளை ஒட்டி வரும் பாக்டீரியாவைத் தாக்கும். குழாயில் பத்துத் தெரு தள்ளிச் சேரும் சாக்கடைக் கசிவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் காலிக் குழாய் வெளி அழுக்கை உறிஞ்சிக்கொள்வது வழக்கமான ஆபத்து. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியக் குடிநீர்த் தரம் கேட்பதும் இதற்காகத்தான். அது மட்டுமல்ல, டைட்டானியத்தைத் தூண்டும் புற ஊதா, சூரிய ஒளியில் சுமார் 5 சதவீதமே. போர்வெல் நீரின் பைகார்பனேட்டும் ஏரித் தண்ணீரின் கரிமப் பொருளும் ஹைட்ராக்சிலை வழியிலேயே தின்றுவிடும். சுத்தமான ஆய்வகக் கரைசலில் கிடைத்த எண்ணை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

குளோரினிலும் குறை உண்டே என்பார்கள். உண்டு. கரிமப் பொருளோடு சேர்ந்து அது டிரைஹேலோமீத்தேன்களை உண்டாக்குவது 1974லேயே தெரிந்துவிட்டது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்கு மசியாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் அந்தக் கிருமியால் சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். ஆனால் அங்கே அரணாக இருந்திருக்க வேண்டியது நல்ல வடிகட்டல். டிரைஹேலோமீத்தேன் போன்ற துணைப்பொருள்களால் வரும் ஆபத்து, கிருமி நீக்கம் சரியாக நடக்காததால் வரும் ஆபத்தைவிட மிகச் சிறியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. என் கருத்தும் அதுவே.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: துகளையே குடித்துவிட்டால்? உணவில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் சொன்னது. அடுத்த ஆண்டே அங்கே தடை வந்தது. அது உணவைப் பற்றிய தீர்ப்புதான். என்றாலும் துகள்களைத் தண்ணீரில் அவிழ்த்துவிடாமல் பீங்கானிலோ குருணையிலோ பூட்டிவைக்க அது போதுமான காரணம். சென்னை ஐஐடியில் பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட முறை இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் கொல்வது வெள்ளி. அந்த நானோ துகள்களை அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் கைட்டோசானும் கலந்த குருணைகள் பிடித்துவைக்கின்றன. லிட்டருக்கு சுமார் 0.04 மில்லிகிராம் வெள்ளி அயனி மட்டுமே வெளிவருகிறது; இந்தியத் தரத்தின் வரம்பு 0.1. ஆக்சைடு வடிகட்டிகளை விற்க வருகிறவர்களும் இதே கணக்கைக் காட்ட வேண்டும்: உப்புத் தண்ணீரில் ஆறு மாதம் ஓடிய பிறகு எத்தனை பாக்டீரியா சாகிறது, லிட்டருக்கு எவ்வளவு உலோகம் கசிகிறது, சரக்கு தீர்ந்துவிட்டதை வீட்டிலிருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்.