பழைய கதை முடிந்தது, புதிய பகடை எது?

மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் கதை சொல்கிறார்: "மழை கொட்டுகிறது. சத்திரத்தின் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பதில் சொல்கிறார்கள். கதவை உடைக்க நினைப்பவர் இருபது முகப் பகடையை உருட்டுவார். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் பலத்தையும் கூட்டி, கதைசொல்லி வைத்த இலக்கை எட்டினால் கதவு திறக்கும். எட்டாவிட்டால் கதை வேறு பக்கம் திரும்பும்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். இருவரும் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் ஆடியவர்கள். மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில், நீளும் இந்தத் தொடர்கதைக்கு 'கேம்பெயின்' என்ற படையெடுப்புச் சொல் அந்தப் போர் ஆட்டத்திலிருந்து வந்தது.

ஒரு கேம்பெயின் முடிந்ததும் அடுத்ததை எங்கிருந்து தொடங்குவது? கதையிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பகடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். இருபது முகப் பகடையில் 1, 10, 20 மூன்றும் விழ ஒரே வாய்ப்புதான்: 5 சதவீதம். அதனால் மாவீரனும் சறுக்குவான், கற்றுக்குட்டியும் ஜெயிப்பான். 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் உருட்டுவது இரண்டு ஆறு முகப் பகடைகள். மொத்தம் 36 வகையாக விழலாம். அவற்றில் 7 வருவது ஆறு வகை, 12 வருவது ஒரே வகை. நடுவிலேயே எண்கள் குவிவதால் தேர்ந்தவரின் தேர்ச்சி அங்கே உண்மையாகவே கைகொடுக்கும். 1981-இன் கால் ஆஃப் கதுலு நூறுக்குள் உருட்டச் சொல்கிறது. பயங்கரங்களைப் பார்க்கப் பார்க்கப் பாத்திரத்தின் மனத்தெளிவு எண்ணிலேயே குறைந்துகொண்டு வரும். விதியை மாற்றினால் கதையின் சுபாவமே மாறிவிடுகிறது.

அடுத்தது 'செஷன் ஜீரோ'. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசும் மாலை அது. போன கதையில் எது பிடித்தது, எது சலித்தது, எந்த விஷயம் மேசைக்கே வரக்கூடாது, வாரம் எந்த நாள் வசதி என்பதையெல்லாம் பேசிவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னால் மனத்தாங்கல்தான்.

உலகம்? சிறியதாகவே இருக்கட்டும். ஆர்னெசன் உருவாக்கிய பிளாக்மூர் என்ற கதையுலகில் ஒரு ஊரும், ஒரு கோட்டையும், அதனடியில் சுரங்க அறைகளும் இருந்தன. அதை ஆடிப் பார்த்த பிறகு கைகாக்ஸ் தொடங்கிய கிரேஹாக்கும் ஒரு கோட்டையின் அடியில்தான் தொடங்கியது. அதில் முதலில் இறங்கியவர்கள் அவருடைய மகனும் மகளும். அந்த உலகம் விரிந்தது பிறகுதான்.

எனவே, நடத்தப் போகிறவர்களே, ஆயிரம் ஆண்டு ராஜவம்சத்தை எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். முதல் மாலைக்கு ஒரு ஊர், மூன்று பேர், அவர்களுக்குள் தீராத ஒரு தகராறு போதும். அது எப்படித் தீரும் என்பதை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.