உங்களுக்குத் தெரியுமா? குக்கீயை வாசலில் நிறுத்திய உலாவி

படங்கள் இன்றி எழுத்தை மட்டும் காட்டும் லிங்க்ஸ் உலாவி, 1992-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லூ மான்டுல்லிதான் 1994-இல், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்தபோது, இணையதளங்கள் நம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தகவல் துணுக்கான குக்கீயையும் உருவாக்கினார்!

பின்னர் லிங்க்ஸ், குக்கீ வந்ததுமே அனுமதி கேட்கக் கற்றுக்கொண்டது. ‘ஒய்’ விசை என்றால் இந்த ஒன்றை ஏற்கலாம். ‘என்’ என்றால் வேண்டாம். ‘ஏ’ என்றால் அந்தத் தளத்துக்கு எப்போதும் அனுமதி. ‘வி’ என்றால் ஒருபோதும் இல்லை. மறுப்பதும் ஏற்பதைப் போலவே ஒரே எழுத்துதான். எல்லா உலாவிகளிலும் இருக்க வேண்டிய நேர்மை இது. சேர்ந்த குக்கீகளைப் பார்க்க, நீக்க ‘கண்ட்ரோல்-கே’ போதும்.

லிங்க்ஸில் இன்னொரு ஒற்றை எழுத்து வசதியும் உண்டு: பக்கம் வந்துசேரத் தாமதமானால் ‘இசட்’ விசையை அழுத்தலாம். பக்கம் இறங்குவது உடனே நிற்கும். அதுவரை வந்த பகுதியைப் படிக்கலாம்.