எழுபத்தெட்டுச் சீட்டுகள் – 9: ஒற்றைக் காலில் தொங்குபவன்

மரணச் சீட்டைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது 13-ஆம் எண். அதற்கு முந்தைய சீட்டை ஒரு பத்தியில் கடந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆகிவிட்டது, அதை விட்டு நகர முடியவில்லை. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஆகவே இந்த வாரம் முழுக்க 12-தான். டாரட் கட்டில் 22 துருப்புச் சீட்டுகள், 56 சாதாரணச் சீட்டுகள்; 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் ஆடிப் பார்க்கப் பிறந்தவை; குறி சொல்லப் புகுந்தது பின்னால். இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை.

மேசைமேல் இருப்பது 1909-இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பதும் அதுதான். 12-ஆம் சீட்டில் ஓர் இளைஞன் தலைகீழாகத் தொங்குகிறான். வலது கால் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. இடது கால் மடங்கி வலது காலுக்குப் பின்னால் போயிருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால். நீலச் சட்டை, காலோடு ஒட்டிய சிவப்பு உடை, மஞ்சள் காலணி. தொங்கும் மரம் பட்ட மரமில்லை, இலை விட்டிருக்கிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் வலியின் சுவடே கிடையாது.

சீட்டு பார்த்துச் சொல்பவர்களிடம் கேட்டால், ‘பொறுத்திரு, விட்டுக்கொடு, வேறு கோணத்தில் பார்’ என்பார்கள். வேலை நேர்காணல் முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு இந்தச் சீட்டு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. ‘பொறுத்திரு என்றுதான் அர்த்தம்’ என்று சொன்ன பிறகே மூச்சு விட்டாள். தூக்கில் தொங்குகிறவனுக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள், ஏழு வயது. மேசையில் இருந்த சீட்டை எடுத்துத் திருப்பிப் பிடித்தாள். “சித்தி, இந்த அண்ணா நொண்டி ஆடுறாங்க பாருங்க!” என்றாள். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். தலைகீழாகப் பிடித்தால் ஒருவன் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாண்டிக் கட்டத்தில் நிற்பதுபோல்தான் இருக்கிறது.

அவள் செய்ததைத்தான் 1781-இல் பாரிஸில் ஒரு பெரிய அறிஞர் செய்தார். பெயர் அந்த்வான் கூர் த ஜெபெலின். ஒரு சீமாட்டி வீட்டில் சிலர் டாரட் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கால் மணி நேரத்தில், இவை பண்டை எகிப்தியரின் ஞானப் புத்தகத்தின் ஏடுகள் என்று முடிவு கட்டினார். கட்டில் வலிமை இருக்கிறது, நீதி இருக்கிறது, மிதம் இருக்கிறது. ஐரோப்பியர் போற்றும் நான்கு அறங்களில் விவேகம் மட்டும் எங்கே என்று தேடினார். 12-ஆம் சீட்டைத் திருப்பினார். ஒரு காலை ஊன்றி, மறு காலை எங்கே வைக்கலாம் என்று யோசித்து நிற்கும் மனிதன்! விவேகம் இதுதான், விவரம் தெரியாத சீட்டுத் தொழிலாளிகள் படத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று எழுதினார். அவரைத் தொடர்ந்து, குறி சொல்வதற்கென்றே சீட்டுக் கட்டு வெளியிட்ட எத்தெய்லா அந்த இடத்தில் விவேகம் என்ற பெண்ணையே வரைந்து வைத்தார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822-இல். பண்டை எகிப்திய எழுத்தில் ஒன்றைக்கூட யாராலும் வாசிக்க முடியாத காலத்தில் கட்டப்பட்ட மாளிகை இது. ஜெபெலின் சொன்னது முழுத் தவறு. ஆனால் அந்தத் தவறிலிருந்துதான் இன்றைய குறி அர்த்தங்கள் பலவும் கிளைத்தன.

சரி, இத்தாலியில் இந்தச் சீட்டை ஆடியவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள்? பழைய இத்தாலியப் பெயர்களில் ஒன்று ‘இல் த்ரதித்தோரே’. துரோகி என்று பொருள்.

என்னை நான்கு நாள் கட்டிப்போட்டது இந்த ஒரு சொல். அந்தக் காலத்து இத்தாலிய நகரங்களில் ஒரு தண்டனை இருந்தது. நகரத்தைக் காட்டிக்கொடுத்தவன், கடன் வாங்கிவிட்டு ஓடியவன், மோசடி செய்தவன் ஆகியோர் கைக்கு அகப்படாவிட்டால் அவர்களுடைய படத்தை ஊரார் கண்ணில் படும் சுவரில் வரைந்துவிடுவார்கள். பெயரும் குற்றமும் அருகில் எழுதப்படும். துரோகியைப் பெரும்பாலும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கவிட்டு வரைவார்கள். அவமானச் சித்திரம் என்றே அதற்குப் பெயர். வரைவது அரசு ஆணை, ஓவியனுக்குக் கூலி அரசுப் பணம். பேர் கெட்டால் கடையில் கடன் பெயராது, பெண் கொடுக்க ஆள் வராது என்ற வணிகச் சமூகத்தில் இது சாதாரண தண்டனை இல்லை.

1440-இல் ஃபுளோரன்ஸில் இப்படித் துரோகிகளை வரைந்த அந்த்ரேயா தெல் கஸ்தாஞ்ஞோவுக்கு ‘தூக்குக்காரர்களின் அந்த்ரேயா’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் இன்று போற்றும் படங்களை வரைந்த போட்டிசெல்லியும் 1478-இல் இந்த வேலையைச் செய்தார். நகரில் அதிகாரம் செலுத்திய மெதிச்சி குடும்பத்தைக் கொல்லச் சதி செய்தவர்களை அரசு மாளிகைப் பக்கம் சுவரில் வரைந்தார். 1494-இல் மெதிச்சிகள் விரட்டப்பட்டதும் அந்தப் படங்கள் அழிக்கப்பட்டன.

இன்னொரு அந்த்ரேயாவின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1529-30-இல் ஃபுளோரன்ஸ் முற்றுகையில் இருந்தது. சில படைத் தலைவர்கள் கைவிட்டு ஓடினார்கள். அவர்களைத் தலைகீழாக வரையும் பணி அந்த்ரேயா தெல் சார்த்தோவுக்கு வந்தது. கஸ்தாஞ்ஞோவுக்கு ஒட்டிய பட்டம் தனக்கும் ஒட்டிவிடக் கூடாதே என்று அவர் பயந்தார். வரைவது தன் உதவியாளன்தான் என்று ஊரில் சொல்லவைத்தார். சுவரைச் சுற்றிப் பலகை அடைத்து, இரவில் மட்டும் உள்ளே போய் இரவிலேயே வெளியே வந்தார் என்று ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார். சுவரோவியம் போய்விட்டது. அதற்காக அவர் சிவப்புச் சுண்ணக்கட்டியால் தீட்டிய முன்வரைவுகள் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒற்றைக் காலில் தொங்கும் ஆண்கள்; மறு கால் தன் பாரத்தில் சரிந்து விழுகிறது. உடம்பு தொங்கினால் உண்மையில் எப்படி இருக்கும் என்பதை அந்தத் தாள்களில் பார்க்கலாம். சீட்டில் இருப்பதுபோல் கால் அழகாக மடங்குவதில்லை.

இப்போது இந்த வாரத்தின் பெரிய செய்தி. முட்சியோ அத்தெந்தோலோ என்று ஒரு கூலிப்படைத் தலைவர் இருந்தார். கொத்திஞோலா என்ற சிற்றூரில் பிறந்தவர். முரட்டு வலிமைக்காக ‘ஸ்ஃபோர்சா’ என்ற பட்டம் பெற்றவர். 1412-இல் 23-ஆம் யோவான் என்ற பெயரில் திருத்தந்தை பீடத்துக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தவரின் படையை விட்டு, அவருடைய எதிரியான நேப்பிள்ஸ் மன்னரிடம் போய்ச் சேர்ந்தார். கோபம் கொண்ட யோவான், ரோம் நகரின் வாயில்களிலும் பாலங்களிலும் முட்சியோவை வலது காலில் தொங்கவிட்டு வரையச் சொன்னார். கையில் ஒரு மண்வெட்டி. ‘நீ என்னதான் தளபதி ஆனாலும் கொத்திஞோலாவின் பட்டிக்காட்டான்’ என்று குத்திக்காட்டத்தான் அது. ரோமுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அந்த முட்சியோவின் மகன்தான் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா. 1450-இல் மிலானின் கோமகன் ஆனார். தங்கத் தகடு ஒட்டி வரையப்பட்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா கட்டு அவருடைய குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது. 78-இல் இன்று 74 மிஞ்சியிருக்கின்றன, தொங்குபவனும் அவற்றில் ஒருவன். தந்தையை எந்தக் கோலத்தில் ஊர் பார்த்துச் சிரிக்க வைத்தார்களோ, அதே கோலம் மகன் வீட்டு விளையாட்டு மேசையில் தங்கத்தில் மின்னியிருக்கிறது. 1966-இல் இந்தக் கட்டைப் பற்றிப் புத்தகம் எழுதிய நியூயார்க் நூலகர் கெர்ட்ரூட் மோக்லி, முட்சியோவின் அவமானச் சித்திரத்தையும் இந்தச் சீட்டையும் சேர்த்துப் பார்த்தவர். சீட்டில் இருப்பது முட்சியோதான் என்று நான் சொல்லமாட்டேன். எந்தத் துரோகிக்கும் அதுவே கோலம். ஆனால் அந்தச் சீட்டு கையில் வந்தபோது பிரான்செஸ்கோ அதை எப்படிக் கீழே போட்டிருப்பார் என்ற எண்ணம் என்னை விடுவதாக இல்லை.

பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள வேறொரு 15-ஆம் நூற்றாண்டுக் கட்டில் தொங்குபவன் இரு கைகளிலும் பணமூட்டை வைத்திருக்கிறான். முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் உடனே நினைவுக்கு வருவான். அந்தச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்பட்டிருக்காது.

மேலே சொன்ன அவமானச் சுவரோவியங்களில் இன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. மழையில் கரைந்தன, ஆட்சி மாறியபோது வெள்ளையடிக்கப்பட்டன. பெயர்களும் போயின. உள்ளங்கை அளவு சீட்டில் மட்டும் துரோகி தொங்கிக்கொண்டே இருந்தான். யாரென்று மறந்துபோன பிறகு ஜெபெலின் அவனை நிமிர்த்தி விவேகி ஆக்கினார். பமீலாவிடம் அந்தக் கட்டை வரையச் சொன்ன ஆர்தர் எட்வர்ட் வெய்ட், அவனுடைய முகத்தில் துன்பம் இல்லை, ஆழ்ந்த லயிப்புதான் இருக்கிறது என்று எழுதினார். பமீலா ஒளிவட்டம் வரைந்தார். எகிப்துக் கதையை நான் ஏற்கவில்லை என்றாலும் இந்த ஒளிவட்டத்தை ஏற்கிறேன். ஊரே கைகொட்டிச் சிரிக்க மாட்டப்பட்ட ஒருவனுக்கு ஐந்நூறு ஆண்டு கழித்து ஒரு பெண் அதைக் கொடுத்திருக்கிறார்.

சீட்டு பார்த்துச் சொல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 12 வரும்போது ‘பொறுத்திரு’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதோடு இந்தச் சீட்டின் பழைய பெயர் துரோகி என்பதையும், அவன் ரோம் நகர வாயிலில் தொங்கிய கதையையும் எதிரே இருப்பவரிடம் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

மரணச் சீட்டு அடுத்த வாரம். பழைய பிரெஞ்சுக் கட்டுகள் பலவற்றில், துருப்புச் சீட்டுகளில் அந்த ஒன்றில் மட்டும் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும்; அங்கிருந்து தொடங்குகிறேன்.