கோப்புக்கு ஒரு கோன் நிறம்

30ஆம் நம்பர் நூலும் 34ஆம் நம்பர் நூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் கோவை மில்களில் நம்பருக்கு ஒரு நிறமாக நூல் சுற்றும் கோனைப் பிரிக்கிறார்கள். மாறிப் போய்விட்டால் திருப்பூரில் பனியன் துணி பட்டை பட்டையாக விழும். நிறம் கோனில்தான் இருக்கிறது, நூலில் ஓர் இழையும் மாறுவதில்லை. லினக்ஸில் கோப்புக்கும் இப்படி நிறம் கொடுக்கலாம். இதற்கு நீட்சிப் பண்பு என்று பெயர். உள்ளடக்கத்தில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல், கோப்போடு ஒரு பெயரையும் அதற்கொரு மதிப்பையும் கோப்பு முறைமையே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இதன் அருமை பழைய தமிழ்க் கோப்புகளில்தான் புரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் டாம், டாப் குறிமுறைகள் வந்தன. இணையத் தமிழர்கள் திஸ்கி என்ற இன்னொரு குறிமுறையைப் புழங்கினார்கள். ஒரே எண் ஒரு குறிமுறையில் ஓர் எழுத்து, இன்னொன்றில் வேறெழுத்து. எது எந்தக் குறிமுறை என்று கோப்பு வாய் திறந்து சொல்லாது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அப்போதே யூனிகோடு தமிழக அரசின் தரமாகிவிட்டது. பழைய வட்டுகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் உள்ள ஒரு கோப்புக்கு 'செட்ஃபேட்டர் -என் யூசர்.சார்செட் -வி திஸ்கி' என்று அடித்துக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். 'கெட்ஃபேட்டர் -டி' அதைக் காட்டும், 'செட்ஃபேட்டர் -எக்ஸ்' நீக்கும். முன்னால் உள்ள 'யூசர்' கட்டாயம்; மற்ற முன்னொட்டுகள் கணினி நிர்வாகத்துக்கானவை. இஎக்ஸ்டி4 முறைமையில் வழக்கமாக 4 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டும். குறிமுறையின் பெயருக்கு அது தாராளம்.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கே மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றலாம்தான், ஆனால் எதிலிருந்து மாற்றுவது? லினக்ஸின் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும், டாப் தெரியாது. எது எதுவென்று முதலில் பிரித்தாக வேண்டும். தவறாக மாற்றியது பின்னால் தெரியவந்தால், மூலமும் அதன் அடையாளமும் இருந்தால்தான் மீள முடியும். கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம் என்பது இன்னொரு வாதம். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்றாலும், அதற்கு ஒரு வலு உண்டு: பென்டிரைவில் ஏற்றினாலும் பெயர் கூடவே போகும். பண்பு போகாது, பென்டிரைவின் ஃபேட்32 முறைமையில் அதற்கு இடமே இல்லை. வெறும் 'சிபி' கட்டளையும் அதை விட்டுவிட்டுத்தான் நகலெடுக்கும், '-ஏ' சேர்க்க வேண்டும். ஆக, இது காப்பக வட்டுக்குள் வைத்துப் பேணுவதற்கான ஏற்பாடு. வெளியே அனுப்புவதானால் 'டார்' கட்டளையில் '--எக்ஸ்ஆட்டர்ஸ்' சேர்த்துக் கட்ட வேண்டும். பிரிக்கும் இடத்திலும் அதையே தர வேண்டும். பிரித்ததும் கெட்ஃபேட்டரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.