நூறில் இரண்டு ஓம்

திருமலையில் தரிசனம் முடிய சில சமயம் ஒரு நாளே ஆகிவிடும். திரும்பி வந்து சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. கூடி நிற்பவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: பேட்டரி போச்சு. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியிலேயே அமர ராஜாவின் பேட்டரி ஆலை இருக்கிறது. புதிது வாங்குவதில் சிரமமில்லை. மாட்டியதும் வண்டியும் கிளம்பிவிடும். ஆனால், மாட்டும்போது முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, கிளாம்பை இறுக்கினார்களே, வண்டி அதனாலேயே கிளம்பியிருக்கலாம்.

அந்தப் பொடி செய்யும் சூழ்ச்சி வியப்பானது. அதன் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அப்போது பொடியில் தொலைவது 0.18 வோல்ட்தான். விளக்கு பளிச்சென்று எரியும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 ஆம்பியர் கேட்கிறது. அவ்வளவும் அந்தப் பொடி வழியே போக வேண்டுமென்றால் 3 வோல்ட் அங்கேயே காலி. 450 வாட் வெப்பம், வீட்டு மிக்ஸி ஓடும் அளவு மின்சாரம், நகக்கண் அளவு இடத்தில் வீணாகிறது. மோட்டார் எப்படிச் சுற்றும்? (1944-இல் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறந்த காலத்துக் கார்கள் பலவற்றில் முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிவிடலாம். அந்த வசதியை இழந்துவிட்டோம்.)

மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தேடினாலும் இந்தத் தடை சிக்காது. மீட்டரின் ஒயர்களுக்கே அதைப்போல் பத்து மடங்கு தடை உண்டு. ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் பிடிக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் தொட்டுக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. பிளஸ் பக்கமும் இப்படியே.

பேட்டரியே இறங்கிப்போவதும் உண்டுதான். ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12 காட்டினால் எதுவோ குடித்திருக்கிறது. டிக்கியில் அணையாத 5 வாட் விளக்கு ஒன்று ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணியை உறிஞ்சிவிடும். சிறிய காரின் பேட்டரி மொத்தமே 35 தான். மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவே ஆம்பியர் மீட்டரைச் சேர்த்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள்; எதை உருவும்போது எண் சட்டென விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. இன்றைய கார்களில் பூட்டியபின் உள்ளே இருக்கும் கணினிகள் தூங்கச் சற்று நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அளந்தால் நல்லவரைத் திருடனாக்கிவிடுவோம்.

வண்டி எப்படியோ கிளம்பிவிட்டது என்றாலும் மீட்டரைப் பைக்குள் போடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐ எட்டாவிட்டால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. அப்படியே புது பேட்டரியை நம்பி, இரவில் விளக்கும் ஃபேனும் போட்டு மலையிறங்கினால், சித்தூர் தாண்டுவதே சந்தேகம்.