மகளுக்கு மின்சுற்றுக் கணக்கு வரவில்லையா?



விஞ்ஞானப் பாடத்தில் மின்னியல் வந்ததும் முகம் வாடிப்போகும் பிள்ளைகள் நம் வீடுகளில் அநேகம். பெண் பிள்ளையாக இருந்தால், "அதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை, விட்டுவிடு" என்று சொல்லும் உம்மாமாரும் உண்டு. நானும் அப்படிச் சொல்லப் பார்த்தவன்தான். ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மகள் கொப்பியை நீட்டியபோது, அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கு ஓமும் அம்பியரும் ஒன்றாகவே தெரிந்தன. கண்ணில்பட்ட எண்களை எல்லாம் பெருக்கிப் பார்த்தேன். விடை பிழை.

மறுநாள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். "பேனையைக் கீழே வையுங்கள் மௌலவி. முதலில் விரலால் சுற்றைச் சுற்றி வாருங்கள்" என்றார். எனக்குப் பட்டென்று விளங்கியது. அரபு வசனத்தில் வினை எது, அதைச் செய்தவர் யார் என்று பாராமல் கடைசி எழுத்துக்கு ஹரகத் இடுகிற மாணவன் செய்யும் பிழையைத்தான் நானும் செய்திருந்தேன்.

மின்கலத்தின் நேர் முனையில் விரலை வைத்துப் புறப்படுங்கள். வழி எங்கும் பிரியாமல் போனால் அது தொடர் இணைப்பு. அதில் உள்ள எல்லாத் தடைகளிலும் ஓட்டம் ஒன்றே, அழுத்தம்தான் பங்கிடப்படும். வழி பிரிந்து மீண்டும் ஒன்று சேர்ந்தால் அது சமாந்தரம். அங்கே கிளைகளுக்கு அழுத்த வித்தியாசம் ஒன்றே, ஓட்டம்தான் பங்கிடப்படும். எது ஒன்றாக இருக்கிறது என்று கண்டுகொண்டால் கணக்கில் பாதி முடிந்தது.

பிள்ளைகளை அதிகம் சறுக்க வைப்பது வேறொன்று. முதல் மின்குமிழ் ஓட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். தெல்தெனியப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்த விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான அந்த அணையின் நீர், சுரங்க வழியாகச் சென்று 210 மெகாவாற்று வலுவுள்ள மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. சுழலி தண்ணீரைக் குடிக்கிறதா? இல்லை. உள்ளே போன நீர் அத்தனையும் வெளியே வந்து, மகாவலியில் ரந்தெனிகலைக்குப் போகிறது. குறைந்தது உயரம் மட்டும்தான். மின்குமிழிலும் அவ்வாறே: போன ஓட்டம் குறையாமல் வெளியே வரும், குறைவது அழுத்தம். ஆனால் இந்த உவமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தாலோ ஓட்டம் நின்றுவிடும்.

இனி மகள் நீட்டிய கணக்குக்கு வருவோம். 12 வோல்ற்று மின்கலம். முதலில் 2 ஓம் தடை. அதன்பின் வழி இரண்டாகப் பிரிந்து ஒன்றில் 6 ஓமும் மற்றதில் 3 ஓமும் இருக்கின்றன. பிரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு கிளைகளுக்கு மட்டுமே பொருந்தும் சுருக்கு வழி: பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது. 18ஐ 9ஆல் வகுக்க 2 ஓம். (சமாந்தரத்தின் விடை சிறிய தடையிலும் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையேல் எங்கோ பிழை.) இப்போது முழுச் சுற்றும் 2உம் 2உம் சேர்ந்த 4 ஓம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் 3 அம்பியர். முதல் தடை 6 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 6 வோல்ற்று இரு கிளைகளுக்கும் பொது. 6 ஓமில் 1 அம்பியர், 3 ஓமில் 2 அம்பியர். கூட்டினால் 3. கணக்குச் சரியென்று சுற்றே சாட்சி சொல்கிறது.

அழுத்தத்தைத் தடையால் வகுக்கும் அந்த விதியை 1827இல் வெளியிட்ட ஜோர்ஜ் ஓம், ஜெர்மனியில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். தம் நாட்டில் உடனே மதிப்புப் பெறவில்லை. லண்டன் றோயல் சொசைட்டி 1841இல்தான் பதக்கம் கொடுத்தது.

இனி உங்கள் குசினிக்கு வாருங்கள் சகோதரிகளே. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வீட்டிலுள்ள சாமான்கள் சமாந்தரமாக இணைக்கப்பட்டிருப்பதால்தான் விளக்கை அணைத்தாலும் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. கேத்திலின் அடியில் 2000 வாற்று என்றிருந்தால் 230ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 8.7 அம்பியர். அதை மாற்றிப் பிளக் ஒன்றின் மூலம் பழைய 5 அம்பியர் பிளக்கில் சொருகினால் என்ன ஆகும்? சூடு, ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் ஒன்றே முக்கால் மடங்கு, சூடோ மூன்று மடங்கு! ஒரு நோன்பு நாள் ஸஹர் நேரத்தில் எங்கள் குசினியில் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது இதனால்தான். அதைச் சொருகியவன் நான். கருகிய காரணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவள் மகள்.

அவள் எனக்குப் போட்ட கணக்கை உங்கள் பிள்ளைக்கும் கொடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன சுற்றில் 6 ஓம் தடையின் கம்பி கழன்றுவிட்டது. 3 ஓமில் ஓடும் ஓட்டம் கூடுமா, குறையுமா? மொத்த ஓட்டம் 3 அம்பியரிலிருந்து 2.4 ஆகக் குறையும். ஆனால் அந்த 2.4உம் இப்போது 3 ஓம் வழியாகவே போகவேண்டும், முன்பு அதில் போனது 2 மட்டுமே. நான் குறையும் என்றுதான் சொன்னேன்.