ஏற்றத்தில் மிஸ்ஸிங்

என்ஜினில் கோளாறு இருந்தால் அதை மஸ்கெலியாவில் மறைத்து வைக்க முடியாது. நோர்வூட்டிலிருந்து வரும் பாதையும் சரி, நல்லதண்ணிக்குப் போகும் பாதையும் சரி, வளைந்து வளைந்து ஏறுபவை. நான்கு சிலிண்டரில் ஒன்று ஒழுங்காக எரியாவிட்டால் சமதரையில் ஓட்டுபவர் ஒரு சின்ன உதறலோடு சமாளித்துவிடுவார். இங்கே இரண்டாவது கியரிலேயே வண்டி திணறும். "அண்ணே, மிஸ்ஸிங் அடிக்குது, ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது" என்று கராஜில் வந்து சொல்வது அன்றும் இன்றும் ஒன்றுதான். அதைக் கேட்ட மெக்கானிக் பாஸ் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் மாறிவிட்டது.

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய டவுன் தண்ணீருக்குள் போய், 1969 வாக்கில் இன்றைய டவுன் மேட்டில் எழுந்த காலத்தில், இந்தப் பாதைகளில் ஓடியவை பெரும்பாலும் பிரிட்டிஷ் வண்டிகள். தோட்டத் துரைமாரின் லேண்ட் ரோவர், கடை முதலாளிகளின் மொரிஸ் மைனர், ஹயரிங் ஓடிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். இவற்றில் தீப்பொறி பிளக்குக்குப் போய்ச் சேரும் வழி நீளமானது. கொயிலில் உண்டாகும் உயர் மின்னழுத்தம் தடித்த ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும். அங்கே சுழலும் ரோட்டர் 1, 3, 4, 2 என்ற வரிசையில் சிலிண்டர்களுக்குப் பங்கிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசலும் அதற்குள் கொஞ்சம் ஈரமும் இருந்தால் போதும், மின்சாரம் பிளக்கை மறந்து மூடிக்குள்ளேயே பாய்ந்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் துணிகூடக் காயாத ஊருக்கு இப்படியோர் ஏற்பாடு!

அன்றைய பாஸ் முதலில் பொனட்டைத் திறக்கமாட்டார். சைலன்சர் பக்கம் போய் நின்று கேட்பார். அடி ஒரே சீராக, குறித்த இடைவெளியில் தவறினால் கோளாறு ஒரு சிலிண்டரோடு நிற்கிறது. கண்டபடி தவறினால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று: பொயின்ட்ஸ், கண்டென்சர், இல்லாவிட்டால் கார்புரேட்டர். பிறகு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் ஓட்டம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையா, கள்ளன் அகப்பட்டான். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒயர் எங்கே கசிகிறது என்பதை நீலப் பொறியே காட்டிக்கொடுக்கும். மொரிஸ் மைனரின் பொயின்ட்ஸ் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அளவுத் தகடு கையில் இல்லாதவர் அட்டைத் துண்டைச் செருகிச் சரிசெய்தார். மழையில் நின்றுபோன கார் பெரும்பாலும், மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்ததுமே கிளம்பிவிடும்.

சிவனொளிபாதமலை சீசனில் வேறொரு வகை வரும். டிசம்பர் முதல் மே வரை, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாகக் கடல்மட்டத்திலிருந்து ஏறும் வண்டிகள் அவை. மஸ்கெலியா ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பிளக்கில் கரி படியும். சைலன்சர் கறுப்பாய்ப் புகையும். உள்ளூர் பாஸ் கலவையைக் கொஞ்சம் இறுக்கி அனுப்புவார். மலை இறங்கிய பிறகு அதே வண்டி வேறு மாதிரி அடம்பிடித்திருக்கும், அது கொழும்பு கராஜின் பாடு.

1977க்குப் பிறகு ஜப்பானியப் பழைய வண்டிகள் வரத் தொடங்கின. மெல்ல மெல்லப் பொயின்ட்ஸ் போயிற்று, கார்புரேட்டரும் போயிற்று. எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தேய்த்துத் துடைக்க வேண்டிய பொருளை நினைத்து ஏங்குவோர், அதை மழையில் குனிந்து நின்று துடைக்காதவர்களாக இருக்கலாம். இப்போதைய காரில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் நுழையும் வழி பெரிதும் குறைந்துவிட்டது. உயரத்தைப் பற்றியும் கவலையில்லை. காற்றை சென்சர் அளக்கிறது. அதற்கேற்பப் பெற்றோலைக் கம்ப்யூட்டர் கொடுக்கிறது.

மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பதும் அந்தக் கம்ப்யூட்டரின் வேலைதான். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் தண்டு ஒரு தள்ளு வாங்கும். ஒரு தள்ளு தவறினால் தண்டு கண நேரம் தாமதிக்கும். தண்டோடு சுழலும் பற்சக்கரத்தைக் கொண்டு அந்தத் தாமதத்தை சென்சர் அளக்கிறது. பாஸ் சைலன்சர் பக்கம் நின்று காதால் செய்ததை இது பல்லை எண்ணிச் செய்கிறது, அவ்வளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் பி0302 என்று வரும்: இரண்டாவது சிலிண்டர். பி0300 என்றால் கண்டபடி தவறுகிறது. என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிக் கன்வேர்ட்டரைப் பொசுக்கிவிடும். ஹட்டன் வரை ஓட்டிப் பார்ப்போம் என்பது வீண் செலவு.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. குறியீடு எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. கொயில் செத்திருக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், வால்வ் கசியலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். ஸ்கேனரைப் பார்த்ததும் "கொயில் மாத்தணும்" என்று சொல்லிவிடும் கராஜ்கள் இருக்கின்றன. இரண்டாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் பூட்டி, குறியீடு பி0303 ஆகிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபின், தேவையில்லாமல் மாற்றும் ஒரு கொயில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை உலுக்கிவிடும். நல்ல உதிரிப்பாகம் ஹட்டனில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும். அதுவரை ஹயரிங் வண்டிக்கு வருமானமில்லை.

ஹைபிரிட் வண்டிகள் வேறொரு வேடிக்கை. முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவில் மிஸ்ஸிங் என்று வந்தால் முதலில் என்ஜினை ஓட வைக்கவே பாடுபட வேண்டும். நிறுத்தியதும் தானாக அணைந்து கொள்ளும். பராமரிப்புப் பயன்முறைக்குக் கொண்டுபோக, பிரேக், அக்சிலேட்டர், கியர் மூன்றையும் ஒரு வரிசையில் மிதித்தும் மாற்றியும் ஆகவேண்டும். அது தெரியாமல் காது கொடுத்து நின்றால் கேட்பது மௌனம்தான். ஓட வைத்துவிட்டால் அதன் நான்கு சிலிண்டரும் மொரிஸ் மைனரின் அதே 1, 3, 4, 2 வரிசையில்தான் எரிகின்றன.

பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதும் மாறவில்லை. வெளிர்பழுப்பு என்றால் நலம், காய்ந்த கரி என்றால் பெற்றோல் மிகை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் தேய்வு, வெள்ளை என்றால் பெற்றோல் போதவில்லை அல்லது சூடு மிகை. டோர்ச் பிடித்துக்கொண்டு பாஸ் பின்னால் நின்று தொழில் கற்ற பையன்களுக்கு இதுவே முதல் பாடம். என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிற இன்றைய பையன் ஸ்கேனரைத்தான் முதலில் கையில் எடுக்கிறான். மஸ்கெலியாவில் நான் வண்டி கொடுப்பதென்றால், ஸ்கேனரைப் பார்த்துவிட்டுப் பிளக் ஸ்பானரையும் தேடுகிறவனிடம் கொடுப்பேன்.